வாஸ்து இழந்தவர்கள்: கல்கத்தாவின் அகதிக் காலனிகள்

வங்க மொழியில் அகதிக்கு 'உத்பாஸ்து' என்று ஒரு சொல் இருக்கிறது. 'பாஸ்துஹாரா' என்றும் சொல்வார்கள். பாஸ்து வேறெதுவும் இல்லை, நம்ம வாஸ்துதான். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஈசானிய மூலையும், சமையலறை எந்தப் பக்கம் இருக்கணும் என்ற சண்டையும்தான் ஞாபகம் வரும். வங்காளிக்கு அது தலைமுறைகளாகக் குடியிருந்த வீட்டின் அடிமனை. கிழக்கு வங்கம் வெள்ள பூமி. மண்ணை வெட்டிக் கொட்டி மேடாக்கி, அதன் மேல்தான் வீடு கட்ட முடியும். பாட்டன் கொட்டிய மண்ணின் மேல் அப்பன் கொட்டிய மண் இருக்கும். அந்த மேடு போனவன் பாஸ்துஹாரா. நம்முடைய 'அகதி' என்ற சொல்லில் கதி போய்விடுகிறது, அவர்களுடைய சொல்லில் தரை போய்விடுகிறது.

அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவலை சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு இந்தத் தரை எப்படிப்பட்டது என்று தெரியும். ஆறும் வயலும் தர்மூஜ் கொடிகளும் பைத்தியக்காரப் பெரியப்பாவுமாக விரியும் அந்த உலகம், கடைசியில் ஒரு குடும்பம் ஊரை விட்டுக் கிளம்புவதில் போய் நிற்கும். கல்லூரிக் காலத்தில் நான் அதை முடித்துவிட்டு ரொம்ப நாள் ஒரு கேள்வியோடு இருந்தேன். கிளம்பினார்கள், சரி. போய் எங்கே படுத்தார்கள்? அடுத்த வருஷம் மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள்?

பெரும்பாலானவர்கள் முதலில் படுத்தது சியால்டா ரயில் நிலையத்தில். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ரயில்கள் கல்கத்தாவில் வந்து நின்ற இடம் அதுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் பிளாட்பாரங்களில் மாசக்கணக்கில் கிடந்தன. ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அடுப்பு. பாய் விரித்த அளவுதான் வீடு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் இருந்த அகதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 21 லட்சம். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கல்கத்தா, இருபத்துநான்கு பர்கானா, நதியா ஆகிய மூன்று மாவட்டங்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிவினை என்றதும் நம் மனசில் வருவது பஞ்சாப்தான். ரத்தம் தோய்ந்த ரயில்கள், மண்டோ கதைகள். ஆனால் குடியமர்த்துவது என்ற விஷயத்தில் பஞ்சாபும் வங்கமும் வேறு வேறு கதை. மேற்கில் மக்கள் ஏறக்குறைய முழுமையாக இடம் மாறினார்கள். இங்கிருந்து போன முஸ்லிம்களின் வீடும் நிலமும் அங்கிருந்து வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கிடைத்தது. டெல்லியில் ராஜேந்திர நகர், லாஜ்பத் நகர் என்று அரசாங்கமே வரைபடம் போட்டுக் காலனிகள் கட்டியது. வங்கத்தில் ஆட்கள் ஒரே மூச்சில் வரவில்லை. 1947இல் கொஞ்சம், 1948இல் கொஞ்சம், 1950 கலவரங்களில் வெள்ளம்போல, பாஸ்போர்ட் முறை வந்த 1952இல் இன்னொரு அலை, 1964இல் மறுபடியும். சொட்டுச் சொட்டாக வருகிற துயரத்துக்கு அரசாங்கம் பட்ஜெட் போடுவதில்லை. இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று டெல்லி நம்பியது. 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலிகானும் போட்ட ஒப்பந்தமே, சிறுபான்மையினர் அவரவர் ஊரில் தங்கவும், ஓடி வந்தவர்கள் திரும்பிப் போய்ச் சொத்தை மீட்கவும் வழி செய்வதற்காகத்தான். திரும்பிப் போகப் போகிறவனுக்கு எதற்கு வீடு? கொஞ்ச நாள் சோறு போட்டால் போதும். இதுதான் கணக்கு.

அவர்கள் போகவில்லை. நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கல்கத்தாவின் தெற்கு விளிம்பில் ஜாதவ்பூர், டாலிகஞ்ச் பக்கமெல்லாம் அப்போது சதுப்பு. கோரைப் புதர், மூங்கில் தோப்பு, குட்டை, நரி. நிறைய நிலம் ஜமீன்தார்களிடமும், நகரம் வளரும்போது விற்கலாம் என்று வாங்கிப்போட்டிருந்த முதலாளிகளிடமும் சும்மா கிடந்தது. ஜாதவ்பூரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ முகாம் ஒன்றும் காலியாகக் கிடந்தது. 1948 வாக்கில் அந்த முகாமின் கொட்டகைகளில் அகதிக் குடும்பங்கள் புகுந்தன. நிலத்தின் சொந்தக்காரர் அனுப்பிய அடியாட்களை அடித்து விரட்டிய பிறகு அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பிஜய்கர். விஜய கோட்டை, அதாவது வெற்றிக் கோட்டை. கூரையே சரியாக இல்லாத இடத்துக்குக் கோட்டை என்று பெயர் வைக்கிற மனசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு 1949, 1950இல் காலனிகள் மளமளவென்று முளைத்தன. இவற்றுக்கு வங்காளியில் 'ஜபர்தகல்' காலனி என்று பெயர். ஜபர்தஸ்தியாகத் தகல் செய்தது, அதாவது வலுக்கட்டாயமாகக் கைப்பற்றியது. இந்தப் பெயரை அவர்கள் மறைக்கவில்லை, கொஞ்சம் பெருமையோடுதான் சொல்லிக்கொண்டார்கள்.

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கும்பலாகப் போய்ப் புகுந்தார்கள் என்று நினைத்தால் தவறு. முதலில் ஒரு கமிட்டி. அதில் பள்ளிக்கூட வாத்தியார், குமாஸ்தா, வக்கீல், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்த ஆசாமி என்று நாலு பேர் இருப்பார்கள். காலியிடத்தைப் பார்த்து வைப்பார்கள். கயிறு பிடித்து அளந்து தாளில் மனை பிரிப்பார்கள். குடும்பத்துக்கு இரண்டு மூன்று கட்டா. ஒரு கட்டா என்பது 720 சதுர அடி. எங்கே தெரு, எங்கே குளம், எங்கே சந்தை, எங்கே பள்ளிக்கூடம் என்று எல்லாம் காகிதத்தில் முடிவாகிவிடும். பிறகு ஒரு ராத்திரி. ஒவ்வொரு குடும்பமும் மூங்கிலும் 'ஹோக்லா' என்ற கோரைப் பாயும் தூக்கிக்கொண்டு தன் மனைக்கு வரும். விடிந்து பார்த்தால் நேற்று வெறும் பொட்டலாக இருந்த இடத்தில் வரிசையாகக் குடிசைகள். காலி மனையில் கட்டிய கயிற்றை யாரும் அறுத்துவிடலாம். உள்ளே அடுப்பு எரிகிற, குழந்தை அழுகிற குடிசையைப் பிரிப்பது போலீசுக்கும் அவ்வளவு சுலபமில்லை.

நில உடைமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. லத்திக்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, குடிசைகள் பிய்த்தெறியப்பட்டன. மறுநாள் திரும்பக் கட்டப்பட்டன. ஆண்கள் முறை வைத்து ராத்திரிக் காவல் இருந்தார்கள். பகலில் ஆண்கள் வேலை தேடிப் போனபின் காவல் பெண்களுடையது. அடியாட்கள் வருவது தெரிந்தால் ஒரு வீட்டில் சங்கு ஊதுவார்கள். உடனே அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில் என்று காலனி முழுக்கச் சங்கு. அந்தி விளக்கேற்றும்போது ஊதுகிற அதே சங்கு. பெண்கள் துடைப்பம், மீன் நறுக்குகிற அரிவாள்மணை என்று கையில் கிடைத்ததோடு வெளியே வருவார்கள். கிழக்கு வங்கத்து பத்ரலோக் வீடுகளில் அந்தப்புரம் தாண்டாதவர்கள் இவர்கள். அடுத்த பத்து வருஷத்தில் இந்த வீட்டுப் பெண்கள்தான் டைப்பிஸ்டுகளாகவும் டெலிபோன் ஆபரேட்டர்களாகவும் ஆசிரியைகளாகவும் டிராம் ஏறினார்கள். ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' (1960) பார்த்தவர்கள், செருப்பு அறுந்துபோய் நடக்கிற நீத்தாவை மறந்திருக்க முடியாது. அவள் நடப்பது இப்படிப்பட்ட ஒரு காலனித் தெருவில்தான். கட்டக்கும் டாக்காவில் பிறந்தவர்.

காலனிகளின் பெயர்களைக் கவனியுங்கள். நேதாஜி நகர், காந்தி காலனி, ஆசாத்கர், பாகா ஜதீன். தேசபக்தி இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் கொஞ்சம் சாமர்த்தியமும் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நேதாஜி பெயர்ப்பலகையை எந்த இன்ஸ்பெக்டர் முதலில் பிடுங்குவார்?

அரசு இதை அங்கீகரிக்கவில்லை. அதனால் குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது, ரோடு கிடையாது. குழாய்க் கிணற்றை அவர்களே போட்டார்கள். குட்டையை மண்ணடித்துத் தெரு போட்டார்கள். சந்தா பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். வெற்றிக் கோட்டையில் 1950இலேயே ஒரு கல்லூரி ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தப் பட்டா இல்லாத இடத்தில் கல்லூரி!

1951இல் மேற்கு வங்க அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அத்துமீறிக் குடியிருப்பவர்களை வெளியேற்றுவதற்கான மசோதா. அகதிகள் அதற்கு முந்தைய வருஷமே காலனிகளையும் முகாம்களையும் இணைத்து ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சில் என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கியிருந்தார்கள். கம்யூனிஸ்டுகளும் மற்ற இடதுசாரிகளும் அதில் முன்னணியில் இருந்தார்கள். கல்கத்தா வீதிகளில் ஊர்வலம் போனது. "ஆம்ரா காரா? பாஸ்துஹாரா!" என்பது கோஷம். நாங்கள் யார்? வாஸ்து இழந்தவர்கள்! கடைசியில் சட்டம் நிறைவேறியபோது அதன் பெயரே மாறியிருந்தது. வெளியேற்றும் சட்டமாகக் கிளம்பியது, 'இடம்பெயர்ந்தோர் மறுவாழ்வு' என்ற சொல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது. 1950 முடிவதற்குள் குடியேறியவர்களை மாற்று இடம் கொடுக்காமல் துரத்த முடியாது என்றானது. 149 காலனிகள் ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவை என்று பட்டியலுக்கு வந்தன. முதலில் 99 வருஷக் குத்தகை, பிறகு முழு உரிமை என்று அவர்கள் கையில் காகிதம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனாலும் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் நல்ல உணர்ச்சிகரமான கதை கிடைக்கும். கல்கத்தாவில் பலரும் இந்தக் கதையை இதே இடத்தில்தான் முடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன், நேதாஜி நகரில் வளர்ந்த ஒரு நண்பனோடு அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்த வரைக்கும்.

"உங்க தாத்தா இந்த மனையை யார்கிட்ட வாங்கினார்?" என்று கேட்டேன்.

"வாங்கல. எடுத்தாங்க."

"எல்லாருக்கும் கிடைச்சுதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "கமிட்டிக்குத் தெரிஞ்சவங்களுக்குக் கிடைச்சுது."

கமிட்டிக்கு யாரைத் தெரியும்? ஒரே மாவட்டத்துக்காரர், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர், மாமா மச்சான் வழி உறவு. முதலில் கிளம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர், காயஸ்தர், வைத்தியர் என்ற மூன்று மேல்சாதிகளைச் சேர்ந்தவர்கள், படித்தவர்கள். கையில் பணம் இல்லாவிட்டாலும் கல்கத்தாவில் ஒரு சித்தப்பாவாவது இருப்பார். மனு எழுதத் தெரியும், அமைச்சரைப் பார்க்கத் தெரியும், பத்திரிகையில் ஒருத்தரைத் தெரியும். கயிறு பிடித்து மனை அளக்க அது போதும். இதைக் கட்டக் அப்போதே பார்த்துவிட்டார். 'சுபர்ணரேகா' படம் ஆரம்பிப்பதே ஒரு அகதிக் காலனியில்தான். ஒரு கீழ்ச்சாதிப் பெண் மகனோடு வந்து இடம் கேட்கிறாள். எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள், இடமில்லை என்கிறார்கள். அந்தக் களேபரத்திலேயே ஜமீன் ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்கள் சாதியை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நிலமெல்லாம் காலியாகவே கிடக்கவில்லை. ஜாதவ்பூரைச் சுற்றி முஸ்லிம் குடியானவர்கள் தோட்டம் போட்டு வாழ்ந்துவந்தார்கள். கலவரமும் பயமும் சூழ்ந்த அந்த வருஷங்களில் அவர்களும் கிளம்பிப் போனார்கள். ஒருவர் வாஸ்துவின் மேல்தான் இன்னொருவர் வாஸ்து. வெற்றிக் கதைகளில் அவர்களுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

1950 கலவரங்களுக்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பகுதி நாமசூத்திரர்கள், வயலிலும் ஆற்றிலும் வேலை செய்த தலித் மக்கள். அவர்களுடைய தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல் பாகிஸ்தானில் மத்திய மந்திரியாக இருந்தவர். அவரே அந்த வருஷம் ராஜினாமா செய்துவிட்டு இந்தியா வந்துவிட்டார். இவர்களுக்குக் கல்கத்தாவில் சித்தப்பா கிடையாது. சியால்டாவிலிருந்து லாரியில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். நதியா மாவட்டத்தில் ராணாகாட் அருகே இருந்த கூப்பர்ஸ் கேம்ப் அவற்றில் பெரியது. அதுவும் ஒரு ராணுவ இடம்தான். ஆனால் வெற்றிக் கோட்டைக்காரர்கள் தாங்களாகப் புகுந்தார்கள், இவர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். உதவித்தொகை உண்டு. அதற்கு வரிசை உண்டு. ஆண் துணையில்லாத பெண்கள், கிழவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோருக்குத் தனி முகாம்கள் இருந்தன. அரசு அவற்றுக்கு வைத்த பெயர் 'பெர்மனென்ட் லயபிலிட்டி' முகாம். நிரந்தரச் சுமை. சுருக்கமாக பி.எல். முகாம். அங்கே இருந்தவர்களும் தங்களை பி.எல். என்றே சொல்லிக்கொள்ளப் பழகினார்கள். சில அரசாங்கச் சொற்களை மொழிபெயர்க்கும்போதுதான் அவற்றின் கொடூரம் தெரிகிறது.

விவசாயிக்கு நிலம் வேண்டும், மேற்கு வங்கத்தில் நிலம் இல்லை என்றது அரசு. அந்தமானுக்குக் கொஞ்சம் பேரை அனுப்பினார்கள். 1958இல் தண்டகாரண்யத் திட்டம் வந்தது. பஸ்தர், கோராபுட் மாவட்டங்களின் காடு. ராமன் வனவாசம் போன அதே தண்டகாரண்யம். ராமனுக்காவது பதினாலு வருஷம் என்று கணக்கு இருந்தது. ஆறும் சேறுமாக வாழ்ந்த ஜனத்தை, பாறையும் சரளையுமான மேட்டுநிலத்தில் கொண்டுபோய் விட்டு நெல் போடச் சொன்னார்கள். அதுவும் ஆதிவாசிகளின் நிலம், அவர்களுக்கும் இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்தான். போக மறுத்தவர்களுக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. தண்டகாரண்ய ஆணையத்தின் தலைவராகவே இருந்த சைபால் குமார் குப்தா, பதவியை விட்டு வந்து 1965இல் அந்தத் திட்டத்தின் நிலைமையைக் கடுமையாக விமர்சித்துக் கட்டுரைகள் எழுதினார்.

இந்த வருஷங்களில் எல்லாம் இடதுசாரிகள், அகதிகளை வங்கத்துக்கு வெளியே அனுப்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1977இல் அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். 1978இல் தண்டகாரண்யத்திலிருந்து அகதிகள் கிளம்பினார்கள். நம்ம ஆட்சி, நம்மைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று நம்பி வந்தார்கள். வழியில் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேர், ஏறத்தாழ முப்பதாயிரம் பேர், சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் போய் இறங்கினார்கள்.

அங்கே அவர்கள் என்ன செய்தார்கள்? மனை பிரித்தார்கள். குடிசை போட்டார்கள். கிணறு தோண்டினார்கள். கரை கட்டினார்கள். மருந்தகமும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். 1949இல் ஜாதவ்பூரில் நடந்தது அப்படியே முப்பது வருஷம் கழித்து, அரசிடம் காசு கேட்காமல், நடந்தது. அரசு சொன்னது: இது காப்புக்காடு, புலிகளின் இடம். 1979 ஜனவரி கடைசியில் 144 தடையுத்தரவு போட்டார்கள், போலீஸ் லாஞ்சுகள் தீவைச் சுற்றி வளைத்தன. அரிசியும் குடிநீரும் மருந்தும் உள்ளே போகவில்லை. ஜனவரி 31 அன்று துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகளை எரித்து எல்லோரையும் வெளியேற்றி முடித்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை சண்டை. அரசுத் தரப்பு சொன்னது விரல்விட்டு எண்ணுகிற அளவு. உயிர்தப்பியவர்கள் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். பசியிலும் பேதியிலும் செத்த குழந்தைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஜபர்தகல் காலனிக்காரர்களின் வாக்கில் வளர்ந்த கட்சிதான் மரிச்ஜாப்பிக்கு லாஞ்சு அனுப்பியது. துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. ஜாதவ்பூரில் குடிசையைப் பிரித்தால் மறுநாள் கல்கத்தா பத்திரிகையில் படம் வரும், சட்டசபையில் கேள்வி வரும், டிராம் நிற்கும். நகரத்தின் ஓரத்தில் இருப்பவனுக்கு நகரமே கவசம். நாமசூத்திரர்களைக் காட்டுக்கு அனுப்பியபோது அவர்களிடமிருந்து பறித்தது இந்தக் கவசத்தைத்தான். தீவில் சங்கு ஊதினால் யாருக்குக் கேட்கும்?

அகதிகளுக்கு அரசுகள் தேதி போடுவது அதன்பிறகும் நிற்கவில்லை. 1950 டிசம்பர் 31க்குள் குடியேறியிருந்தால் காலனிக்காரர். 1958 மார்ச் 31க்குப் பிறகு வந்திருந்தால் முகாமில் இடமில்லை. 1971 மார்ச் 25க்குப் பிறகு வந்தவர் அகதியே இல்லை, ஊடுருவி. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் 2014 டிசம்பர் 31 என்று இன்னொரு தேதி. அந்தச் சட்டத்துக்காக ஆவலோடும் பயத்தோடும் காத்திருந்தவர்களில் நாமசூத்திர மதுவா சமூகத்தினர் ஏராளம். அதில் வங்கத்தில் பிறந்து, வாக்குப்போட்டு, வாக்குப்போட்டே கிழவர்களானவர்கள் உண்டு.

நேதாஜி நகரில் இன்று பழைய காலனி வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தகரக்கூரை வீடுகளை இடித்துவிட்டு புரமோட்டர்கள் நாலு மாடி ஃபிளாட் கட்டுகிறார்கள். மனைக்காரருக்கு இரண்டு ஃபிளாட், கொஞ்சம் பணம். நண்பனின் வீடும் அப்படிப் போனதுதான். மூன்றாம் மாடி பால்கனியில் அவனுடைய பாட்டி துளசி வைத்திருக்கிறார். தாத்தா மண்ணடித்த குட்டை, கீழே பார்க்கிங்குக்கு அடியில் எங்கோ இருக்கிறது.

கூப்பர்ஸ் கேம்ப்பும் இருக்கிறது. சியால்டாவில் ராணாகாட் லோக்கல் பிடித்தால் இரண்டு மணி நேரம். அது இப்போது ஒரு சிறு நகரம், நகராட்சி போல வார்டுகள் பிரித்துத் தேர்தல் நடக்கிறது, கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலிலும் கடைப் பலகைகளிலும் அந்த ஊரின் பெயர் இன்னும் கூப்பர்ஸ் கேம்ப் என்றுதான் இருக்கிறது.